காவிரி காய்ந்து கிடக்கும்போது வரும் ஈஸ்டர்

ஈஸ்டர் வாழ்த்துப் படம் எதையாவது எடுத்துப் பாருங்கள். கலர் முட்டை, முயல் குட்டி, பச்சைப் புல், அப்போதுதான் பூத்த லில்லி. வாட்ஸ்அப்பில் வருவதும் இதேதான். இப்போ அதே வாரத்தில் தஞ்சாவூரில் பஸ் ஏறி திருவாரூர் பக்கம் போய்ப் பாருங்கள். சம்பா அறுத்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கும். அறுப்புக்கு முன்னாடி தெளித்த உளுந்தும் பயறும் எடுத்து முடிகிற நேரம். எடுத்த வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ல் மூடுவார்கள், ஜூன் 12ல் திறப்பார்கள். நடுவில் வெண்ணாறும் வெட்டாறும் வெறும் மணல். ஈஸ்டர் விழுவது சரியாக இந்த இடைவெளியில்தான்.

அந்தப் பச்சைப் புல் படத்துக்கும் இந்த மணலுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என் குறிப்பேட்டில் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

தேதி எப்படி வருகிறது

முதலில் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இதில் பௌர்ணமி என்பது வானத்தில் பார்க்கிற பௌர்ணமி இல்லை, திருச்சபையின் அட்டவணைப் பௌர்ணமி. 1800ல் கணித மேதை காஸ் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். இன்றைக்கு பைத்தானில் ரெண்டு வரி. விடை எப்போதும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் வரும்.

நம்ம ஊர் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தால் இது அந்நியமான கணக்கே இல்லை. பல வருடங்களில் பங்குனி உத்திரத்துக்கும் ஈஸ்டருக்கும் ஒரே நிலாதான். 2023ல் உத்திரம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 9. முருகன் கோயிலுக்குக் காவடி போன அதே வாரத்தில் பக்கத்துத் தெருவில் சிலுவைப் பாதை நடந்திருக்கும்.

நிலா ஒன்று, நிலம்தான் வேறு. பாலஸ்தீனத்தில் இது வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலம். அதனால்தான் பவுல், கி.பி. 50களில் கொரிந்து சபைக்கு எழுதும்போது, உயிர்த்த கிறிஸ்துவை அறுவடையின் முதற்பலன் என்கிறார். முதல் கதிர்க்கட்டு வந்துவிட்டது, மீதியும் வரும் என்று அர்த்தம். ஐரோப்பாவுக்குப் போனதும் பண்டிகை வசந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. பனி உருகும், மொட்டு விடும், முட்டை பொரியும். டெல்டாவுக்கு வரும்போது இந்த ரெண்டு துணையும் கிடையாது. இங்கே அறுவடைக்குத் தை மாசம், தண்ணீருக்கு ஆடி மாசம். ஈஸ்டருக்கு வெயில்.

சுழற்சி இல்லை, ஒரே ஒரு தடவை

யோசித்துப் பார்த்தால் இது ஒரு வகையில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது, வருஷா வருஷம் துளிர்க்கிற இயற்கையைப் பற்றியது அல்ல. நம்மைச் சுற்றியிருக்கிற மறுபிறவிக் கருத்தும் அல்ல. ஆன்மா அழியாது என்ற தத்துவம்கூட இல்லை. பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் கொல்லப்பட்டு, புதைக்கப்பட்ட ஒரு மனிதர், மூன்றாம் நாள் அதே உடலோடு, ஆனால் புதிதாக்கப்பட்ட உடலோடு எழுந்தார் என்பதே அது. ஒரே ஒரு தடவை நடந்தது. அது நடக்கவில்லை என்றால் நம்ம நம்பிக்கை எல்லாம் வீண் என்று பவுலே சொல்லிவிடுகிறார். இவ்வளவு வெளிப்படையாகத் தன் மொத்த வழக்கையும் ஒரே சம்பவத்தின் மேல் வைக்கிற மதம் அபூர்வம்.

அதற்கு டெல்டாவில் உவமை இல்லையா என்றால், இருக்கிறது. விதை நெல். முதல் நாள் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அடுத்து நீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோலும் ஈரச் சாக்கும் போட்டு இருட்டில் மூடி வைப்பார்கள். மூன்றாம் நாள் காலை அவிழ்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை நிற்கும். கைவைத்தால் சூடாக இருக்கும். நாற்றங்கால் விட்ட யாருக்கும் இது தெரியும். மண்ணில் விழுந்து சாகாத மணி தனியாகவே இருக்கும் என்று யோவான் நற்செய்தியில் இயேசு கோதுமையை வைத்துச் சொல்கிறார். இங்கே அதற்கு உரையே தேவையில்லை.

நாளுக்கு மூன்று மணி, வாரத்துக்கு ஒரு நாள்

வருஷத்தில் ஒரு நாள் பண்டிகை. மீதி 364 நாள்?

கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை மணி அடிக்கும். அது திரிகால ஜெபம். மரியாளிடம் தூதர் வந்ததைச் சொல்வது. ஆனால் ஈஸ்டரில் தொடங்கி தூய ஆவி பெருவிழா வரை ஐம்பது நாள் அந்த ஜெபம் மாறிவிடும். மகன் உயிர்த்தெழுந்தார் என்று தாயிடம் மகிழ்ச்சி சொல்லும் ஜெபம் அந்த இடத்துக்கு வரும். பெரியவர்கள் இதைப் பாஸ்கு காலம் என்பார்கள். பாஸ்கு என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. களத்துமேட்டில் நிற்கிறவருக்குக் காலண்டர் தேவையில்லை, ஜெபம் மாறினாலே காலம் மாறியது தெரியும். ஜெபமாலையிலும் மகிமையின் மறைபொருள்களில் முதலாவது உயிர்ப்புதான்.

புராட்டஸ்டண்ட் வீடுகளில் இதே வேலையைச் செய்தது பாட்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார்கள். 1715க்குள் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஆனால் அது மக்கள் வாயில் ஏறியதற்கு முக்கியமான காரணம் ஒரு தஞ்சாவூர்க் கவிஞர், வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பிறந்தது திருநெல்வேலி. பன்னிரண்டு வயது வாக்கில் ஷ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஷ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர்தான்.

சாஸ்திரியாருடைய நூல் பட்டியலைப் பார்த்தால் விஷயம் புரியும். பெத்லகேம் குறவஞ்சி, சாஸ்திரக் கும்மி, ஞான உலா, ஞான அந்தாதி, ஞான ஏற்றப்பாட்டு. ஏற்றப்பாட்டு! கிணற்றில் ஏற்றம் இறைக்கிறவன் எண்ணிப் பாடுகிற மெட்டு. காலாட்சேபம், கும்மி, குறவஞ்சி என்று ஊரில் ஏற்கெனவே இருந்த எல்லா வாய்க்கால்களிலும் அவர் புதுத் தண்ணீரைத் திருப்பி விட்டார். 1853ல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகத்தில் இவர் பாட்டுகள் ஏறி, தமிழ்நாடு முழுக்கப் போயின. இன்றைக்கும் காலை ஜெபத்துக்கு உட்காரும் பல குடும்பங்கள் பாடுவது, யார் எழுதியது என்று தெரியாமலே, அவர் பாட்டைத்தான்.

இதுக்கு மேல் ஞாயிறு ஆராதனை. கிறிஸ்தவர்கள் வாரத்தின் முதல் நாள் கூடுவதற்குக் காரணமே அது உயிர்த்தெழுந்த நாள் என்பதுதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் இதை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குட்டி ஈஸ்டர்.

ஒரே கிண்ணம்

இத்தோடு நிறுத்தினால் அழகான பதிவாக முடிந்துவிடும். ஆனால் நேர்மையாக இருக்காது.

உயிர்த்தவருடைய ஒரே உடலில் எல்லாரும் உறுப்பு என்றால், ஈஸ்டர் நற்கருணைப் பந்தியில் யார் பக்கத்தில் யார்? தஞ்சாவூர் சபையில் ஷ்வார்ட்ஸ் காலத்திலேயே வெள்ளாளரும் பறையரும் தனித்தனிப் பக்கமாக உட்கார்ந்தார்கள். நற்கருணையும் ஒருத்தருக்குப் பின் ஒருத்தர் என்ற வரிசையில் நடந்தது. அடுத்த தலைமுறை மிஷனரிகள் இதை மாற்றப் பார்த்தபோது எதிர்த்து எழுதினவர்களில் முதல் ஆள், நம்ம சாஸ்திரியார்தான். 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நாலு விஷயங்களைப் பட்டியல் போட்டார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, நற்கருணையில் சாதிகளைக் கலக்கச் சொன்னது, விழாக்களில் பூவை ஒதுக்கியது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நிறுத்தியது.

இதை முதல் தடவை படித்தபோது ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பூவும் பாட்டும் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு எந்தத் தமிழ்ச் சபையும் அதை மறுக்காது. அதே பட்டியலில், அதே கோபத்தோடு, பந்தியில் பக்கத்தில் உட்காருவதும் ஒரு கொடுமையாக இருக்கிறது. பண்பாட்டைக் காப்பாற்றுவதும் சாதியைக் காப்பாற்றுவதும் அவருக்கு ஒரே விஷயமாகத் தெரிந்திருக்கிறது.

1833 ஜூலையில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் தரங்கம்பாடியில் வேரூன்றியபோது, இந்த விஷயத்தில் அது கொஞ்சம் தளர்வாக இருந்ததால், அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. கத்தோலிக்கர் பக்கமும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. காவிரிக் கரையில் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவர், நம்ம காலத்திலேயே போராட்டம் வரை போன விஷயம். செத்தவர்கள் எல்லாரும் ஒன்றாக எழுவார்கள் என்று நம்புகிறவர்கள், அவர்களை ஒன்றாகப் படுக்க விடவில்லை.

கல்லறைத் தோட்டத்து விடியல்

ஈஸ்டர் அதிகாலை, இருட்டு விலகும் முன்னாடியே, பல சபைகளில் ஆராதனை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும். முந்தின நாளே புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளை அடித்து வைத்திருப்பார்கள். மெழுகுவர்த்தி, சம்பங்கி மாலை. கல்லறைக்கு விடியற்காலையில் போன பெண்களின் கதை வாசிக்கப்படும். வருகிறவர்களிலும் பெண்கள்தான் அதிகம். அப்பா, அம்மா, இளவயதில் போன பிள்ளை என்று ஆளாளுக்கு ஒரு குழி பக்கம் நிற்பார்கள். சூரியன் வரும்போது பாட்டு முடியும். ஈஸ்டருக்கு என்ன அர்த்தம் என்று புத்தகத்தில் தேடுவதை விட, அங்கே ஒரு ஓரமாக நின்று பார்ப்பது நல்லது.

2005ல் ஈஸ்டர் மார்ச் 27. சுனாமி வந்து மூன்று மாசம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் போனவர்களை மொத்தமாகப் புதைத்த மண் அப்போது காய்ந்துகூட இருக்காது. அந்த மண்ணை வைத்துக்கொண்டு அல்லேலூயா பாடினார்கள். மறுநாள் திங்கள் இரவு ஒன்பதரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் நியாஸ் தீவில் மறுபடி பெரிய நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்தது, கரையோர ஜனம் இருட்டில் உள்நாட்டுக்கு ஓடியது. நல்லவேளை, இங்கே அலை வரவில்லை.

கடலும் ஆறும் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லவில்லை. காய்ந்த வயலும் சொல்லவில்லை. டெல்டாவின் ஈஸ்டர் இப்படித்தான் இருந்திருக்கிறது. வெளியே ஒரு அடையாளமும் இல்லாத நேரத்தில், தண்ணீர் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்போது, விதை நெல்லைத் தின்னாமல் பத்திரமாக வைத்திருக்கிறவனின் நம்பிக்கை. அதற்குப் பெயர் கண்மூடித்தனம் இல்லை. போன வருஷம் முளைத்ததைப் பார்த்தவன் அவன். கிறிஸ்தவர்கள் முதற்பலன் என்று சொல்வதும் அதைத்தான். ஒரு மணி முளைத்துவிட்டது என்கிறார்கள்.

அந்த விதையை எந்த வயலில், யாரோடு சேர்ந்து விதைக்கிறார்கள் என்பதுதான் தஞ்சாவூர் சபைகளின் முன்னால் 1833லிருந்து நிற்கிற கேள்வி. பதில் ஈஸ்டர் பிரசங்கத்தில் கிடைக்காது. அடுத்த தடவை கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, நடுவில் சுவர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.