ஸ்கேன் சொன்ன எண் யாருடையது?

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே, ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அதுதான். ரிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் இந்தச் சிகிச்சை வெற்றி பெற்றது.

பொருத்திய பிறகுதான் உண்மையான கவலை தொடங்கும். ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடல் எளிதில் ஏற்பதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் பாதிப்பு வெகுதூரம் போயிருக்கலாம். ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி தெளிவாகச் சொல்லும்; ஆனால் ரத்தக்கசிவு பயம் உண்டு, அடிக்கடி செய்ய முடியாது.

இங்கேதான் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் கைகொடுத்தது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியின் வழியைப் பின்பற்றி, கிளாஸ்கோவில் டாக்டர் இயன் டொனால்ட் வயிற்றுக்குள் எடுத்த படங்களை 1958-இல் வெளியிட்டார். மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் அல்ல, அடிவயிற்றில் தோலுக்குச் சற்று உள்ளே வைக்கிறார்கள். ஸ்கேனுக்கு இது பெரிய வசதி.

அடுத்து வந்தது டாப்ளர். ரத்தம் ஓடும் வேகத்தையே அது அளக்கும். சிறுநீரகம் வீங்கி இறுகினால், இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் குறையும். பிரான்சின் புர்ஸ்லோ 1974-இல் இதை ஓர் எண்ணாக்கினார். உச்ச வேகம் 50, கடைசி வேகம் 15 என்றால், வித்தியாசம் 35. அதை 50-ஆல் வகுத்தால் 0.7. இந்த எண் 0.8-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

2003-இல் ஜெர்மனியின் ஹனோவரில் 601 பேரைப் பார்த்த ஆய்வும், 0.8-ஐ எட்டியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றது. ஆனால் 2013-இல் பெல்ஜியத்தின் லூவனில் 321 பேரிடம் ஸ்கேனையும் பயாப்சியையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான பரிசோதனை நாட்களில் எடுத்த எண், பொருத்திய சிறுநீரகத்தைவிட, அதைப் பெற்றவரின் வயதையும் ரத்தக்குழாய்களின் நிலையையுமே அதிகம் காட்டியது!

ஸ்கேன் வீண் என்று இதற்குப் பொருளில்லை. சிறுநீர் அடைப்பு, சுற்றிலும் நீர்கட்டு, ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றை அது விரைவில் காட்டிவிடும். நம் வயதுக்காரர்கள் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைப் பார்த்ததும் கலங்கிவிடுகிறோம். அந்த எண்ணில் நம் முதுமையும் கலந்திருக்கலாம். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் கவலைப்படலாம்.