மூர் மார்க்கெட்டில் வாங்கிய மேசை

போன மாதம் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே மாடி அறையில் கிடந்த பழைய மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "தாத்தா, இதுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு, பித்தளைக் குமிழ் வச்சு ஹாலில் போட்டா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? இதுக்கு அப்சைக்ளிங்னு பேரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர்தான் புதிது. ராயபுரத்தில் நான் குடித்தனம் வைத்த 1977இல், எங்கள் தெருவில் கடையில் புத்தம் புதிதாக மரச்சாமான் வாங்கிய வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் கள்ளிப்பெட்டிப் பலகைக்குக் குறைவில்லை. அதில் புத்தக அலமாரி, சாமி மாடம், கொலு வந்தால் படி. தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து மேலே பூப்போட்ட துணி விரித்தால் டீப்பாய். தையல் மெஷின் பழுதாகிவிட்டால் தலையைக் கழற்றிவிட்டு, வார்ப்பிரும்புக் கால்மேல் ஒரு பலகையைப் பொருத்தினால் பிள்ளைகள் படிக்க மேசை. அழகுக்காகச் செய்ததில்லை, இல்லாமையால் செய்தது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

பேத்தி கைவைத்த அந்த மேசையும் அப்படி வந்ததுதான். மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். கடைக்காரர் நூற்றிருபது சொன்னார். நான் அறுபதுக்குக் கேட்டேன். இரண்டு தடவை நடப்பதுபோல் நடந்து, திரும்பக் கூப்பிட்ட பிறகு எழுபத்தைந்தில் முடிந்தது. சொன்ன விலையில் பாதிக்குக் கீழே கேட்கத் தெரியாதவன் அங்கே போகக்கூடாது என்று அலுவலகத்தில் மூத்தவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்! சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, நான் பின்னாலேயே நடந்து வந்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக மூர் மார்க்கெட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் சந்தைக்கு மாற்றாகக் கட்டியது அது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில், 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிச் சிவப்புக் கட்டடம், நாற்புறமும் வளைவுகள். தொடக்கத்தில் காய்கறி, இறைச்சி என்றுதான் இருந்தது. போகப் போக பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கண்ணாடிச் சாமான், கிளி, முயல், மர நாற்காலி எல்லாம் வந்து சேர்ந்தன. பட்டணத்தில் ஒரு வீடு கலைந்தால் அதன் சாமான்கள் எப்படியாவது சுற்றி அங்கே வந்து நிற்கும்.

எங்கிருந்தெல்லாம் வந்தன? 1947க்குப் பிறகு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்கள் ஏலத்தில் விட்டுப்போன கட்டில், கோட் ஸ்டாண்டு ஒரு பக்கம். எங்களைப் போன்ற அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய சாமான்கள் இன்னொரு பக்கம். இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. எந்த நாற்காலிக்கு எந்த எண் என்று பதிவேடு எழுதியது நான்தான். கால் ஆடினால் உடனே தூக்கிப் போட மாட்டோம். பார்வையற்ற பெரியவர் ஒருவர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து, விரல் நுனியாலேயே துளை பார்த்துப் பிரம்பு பின்னிக் கொடுப்பார். அதற்கும் மேலே தாங்காது என்றால்தான் 'உபயோகமற்றது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி ஏலம் விடுவோம். ஏலம் எடுத்தவர் ஒரு வாரம் இழைத்து, வச்சிரம் போட்டு ஒட்டி, மெருகேற்றி விற்பார். நாங்கள் உபயோகமற்றது என்று எழுதிய நாற்காலி, யாரோ ஒருவர் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடும் நாற்காலியாகியிருக்கும்!

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். குப்பைத்தொட்டிக்குப் பிரெஞ்சில் 'புபெல்' என்று பெயர். அது ஓர் அதிகாரியின் பெயர் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. யூஜேன் புபெல் 1880களில் பாரிஸ் பகுதியின் நிர்வாகத் தலைவர். வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாமல் மூடி போட்ட பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடி விழுந்தது. அவர்களில் பலர் நகரின் மதிலுக்கு வெளியே, சேன்த்துவேன் என்ற இடத்தில் பழைய சாமான் கடை விரித்தார்கள். இன்று அது உலகப் புகழ்பெற்ற பழஞ்சந்தை. 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்பதே அதன் பெயர். ஏழைகள் பொறுக்கிக் காப்பாற்றியதைத்தான் பணக்காரர்கள் பின்னால் கலைப்பொருள் என்று வாங்குகிறார்கள். பாரிஸானாலும் பட்டணமானாலும் கதை ஒன்றுதான்.

ஆனால் நம் சந்தைக்குக் கொடுப்பினை இல்லை. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை. எரிந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது, பார்ப்பவர்கள் குறைவு. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள் இறங்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். மார்க்கெட் போய்விட்டது, பெயர் ரயிலேறி வருகிறது.

மேசைக்கு வருகிறேன். பேத்தியிடம், "பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி டிராயரை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாரும்மா" என்றேன். அடிப்பலகையில் பென்சிலால் தமிழில் 'ரங்கூன் 1938' என்று எழுதியிருக்கும். கீழே ஒரு பெண்ணின் பெயர். வாங்கிய மறுநாள் துடைக்கும்போதுதான் நானே பார்த்தேன்.

யார் அந்தப் பெண், தெரியாது. ஆனால் ஒன்று ஊகிக்கலாம். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தபோது நம் ஜனங்கள் பலர் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க முடியாது. 1964இல் அங்கே கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பல் கப்பலாக வந்தவர்களுக்கு நகைநட்டு எடுத்துவரவே கெடுபிடி. அவர்கள்தான் எண்ணூர் பர்மா நகரிலும் வியாசர்பாடியிலும் குடியேறினார்கள், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் போட்டார்கள். ஆக, இந்த மேசை யுத்தத்துக்கு முன்பே சுமுகமாகக் கப்பலேறியிருக்க வேண்டும். வாழ்க்கை நன்றாக இருந்த நாளில் வந்த மேசை. பிறகு எந்தக் கஷ்டத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போனதோ!

பர்மாத் தேக்கின் அருமை கடலோரம் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் உப்புக்காற்றில் இரும்பு பீரோ அடியிலிருந்து துருப்பிடித்து உதிரும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் கறையான் லேசில் தொடாது, ஈரமும் ஏறாது. கப்பல் கட்டவே அதைத் தேடியது அதனால்தான். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் அந்த மரம்தான். பாகம் பிரிந்து வீடுகள் இடிபட்டபோது கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் அப்படியொரு வீட்டையே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். வேறு பல தூண்கள் எங்கெங்கோ சாப்பாட்டு மேசைக்குக் கால்களாகிவிட்டன. அதிலும் தப்பில்லை. அடுப்பில் போவதற்கு அது மேல்.

நானே செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் சாய்வு நாற்காலி புதுச்சேரியிலிருந்து என்னோடு வந்தது. கைப்பிடியில் அவர் மோதிரம் பட்டுப் பட்டு விழுந்த பள்ளம் இருக்கும். 1990 வாக்கில் ஒரு கால் விரிசல் விட்டது. இடத்தை அடைக்கிறது என்று, தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். பக்கெட் இரண்டும் இரண்டு வருஷத்தில் உடைந்தன. அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இன்றைக்கும் சில மாலைகளில் தோன்றும்.

இதைச் சொன்னபோது பேத்தி பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். இருவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிசாகத் தடவினோம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. இதற்குத் தச்சர்கள் 'பிரெஞ்சு பாலிஷ்' என்பார்கள். ஆனால் அரக்கு நம் நாட்டுச் சரக்கு! மூன்றாம் நாள் மரம் தேன் நிறத்துக்கு வந்தது. குமிழ் மட்டும் அவள் ஆசைப்படி பித்தளை. மேலே பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு செடி வைத்திருக்கிறாள். ஹாலில்தான் இருக்கிறது.

டிராயரின் அடிப்பலகையை மட்டும் தொடவில்லை. பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பரணில் ஏதாவது கிடக்கும். புதுசாக்குங்கள், தாராளமாக உருவம் மாற்றுங்கள். அதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.