அடிச்சங்கிலியில் விடுபட்ட மொட்டு

தில்லி சரோஜினி நகர்ச் சந்தையில், ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகள் குவிந்து கிடக்கும் மேசைகளில் குரோஷா மேற்சட்டைகளும் கிடைக்கின்றன. அண்மையில் 200 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கழுத்துப் பட்டையிலிருந்த நிறுவனச் சீட்டு வெட்டப்பட்டிருந்தது. "மெஷின் வேலைதான்" என்றார் விற்றவர். குரோஷாவைப் போலத் தோன்றும் துணியை இயந்திரங்கள் தரும்; ஆனால் உண்மையான குரோஷாவை ஆலை அளவில் பின்னும் இயந்திரம் இன்றுவரை புழக்கத்திற்கு வரவில்லை. கையிலிருப்பது எது என்று அறியும் பொருட்டே நான் குரோஷா கற்கத் தொடங்கினேன்.

கொக்கியால் ஒரு வளையத்தினூடே அடுத்த வளையத்தை இழுத்துக்கொண்டே போவது அடிச்சங்கிலி. மேல்வரிசைகள் அனைத்தும் அதன்மீதே நிற்கின்றன. இறுக்கினால் துணி சுருங்கும். தளர்த்தினால் விளிம்பு தொய்யும். எண்ணிக்கை தவறாதிருக்க, மூன்று கண்ணிக்கு ஒரு மொட்டு வைத்த அலங்காரச் சங்கிலியைப் பழகினேன். ஒரு சாண் நீளத்திற்கு ஒரு மாலைப்பொழுது கழிந்தது. பிறகு சட்டையின் விளிம்பைப் பார்த்தேன். அதே போன்ற சங்கிலி. ஓரிடத்தில் ஒரு மொட்டு விடுபட்டிருந்தது. யாரோ ஒருவரின் கை, ஒரு கணம் எண்ணிக்கை தவறியிருக்கிறது.

இக்கலையின் சொற்கள் தம் பிறப்பை மறைப்பதில்லை. 'ரேந்தை' போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. 'குரோஷா' சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பின்னியவர்களின் வரலாறுதான் மறைந்துபோகிறது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அது கொக்கியால் அன்று, திண்டின்மேல் நூற்கட்டைகளால் பின்னுவது. அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். எலைசாவின் கணவர் கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவோம். அவ்வீட்டிலிருந்து பரவிய ரேந்தையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

குரோஷாவுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற ஊர் ஆந்திரத்தின் நரசாபூர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியே அங்கு வேரூன்றிய இத்தொழிலை ஆராய்ந்த மரியா மீஸ், தம் நூலை 1982இல் வெளியிட்டார். நாள்தோறும் 6 முதல் 8 மணிநேரம் பின்னிய பெண்கள், சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவாகவே பெற்றனர். வணிகமும் ஏற்றுமதியும் ஆண்களிடம் இருந்தன. இதை இயல்பாக்கியது ஒரு சொல்: இல்லத்தரசி. வீட்டிலிருப்பவர் என்றால் தொழிலாளி அல்லர். அவர் பின்னுவது ஓய்வுநேர வேலை. ஓய்வுக்கு ஏது கூலி?

2024இல் நரசாபூர்க் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு இன்று காப்பு உண்டு. பின்னும் கைகளுக்கான விலையை அக்குறியீடு தானாக உயர்த்திவிடாது.

'மெஷின் வேலை', 'ஓய்வுநேர வேலை' ஆகிய இரண்டு தொடர்களும் செய்யும் காரியம் ஒன்றே: உழைத்தவரை வாக்கியத்திலிருந்து நீக்குவது. எழுவாய் இல்லாத வாக்கியம் தமிழில் இயல்பு. ஆனால் தோன்றா எழுவாயும் எழுவாயே என்பதை நாம் இலக்கண வகுப்பிலேயே கற்றிருக்கிறோம். சட்டையில் விடுபட்ட அந்த மொட்டை நான் பின்னிச் சேர்க்கவில்லை. அதைப் பின்னியவர் விட்டுச்சென்ற கையொப்பம் அது ஒன்றுதான்.