குத்தூசியும் ஆறு புள்ளிகளும்

தோலும் குத்தூசியும் நம் முன்னோர் பலரின் கைக்குப் பழகியவை. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் சாலைகளும் நம் குஜிலியம்பாறை வட்டாரத்தார்க்குப் புதியன அல்ல. ஆகவே, தோல் தொழிலாளி ஒருவரின் மகன், கண்ணிழந்தோர்க்கு எழுத்து வழங்கிய வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், 1809 சனவரி 4-ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். 1812-இல், மூன்று வயதுக் குழந்தை தந்தையின் பட்டறையில் கூரிய ஊசியொன்றை எடுத்து விளையாடியது. ஊசி ஒரு கண்ணில் பாய்ந்தது. அப்புண்ணின் நோய் மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதில் இரு கண்களும் முற்றும் ஒளியிழந்தன.

ஈண்டு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணிழந்த அச்சிறுவனை ஊர்ப்பள்ளி, பார்வையுள்ள பிள்ளைகளோடு சேர்த்தே அமர்த்திக் கற்பித்தது. நம் நாட்டிலோ, 1900-இல் சதாராப் பள்ளியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், இரு கண்களும் நன்கிருந்தும், கோணியொன்றின்மேல் தனியே அமர்த்தப்பட்டார். ஊனம் யாரிடம் இருந்தது என்பதை இவ்விரு பள்ளிகளும் காட்டுகின்றன.

1819-இல் பிரெயில் பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்கள், கண்ணுள்ளோர் எழுத்தையே பெரிதாகப் புடைக்க அச்சிட்டவை. அவற்றை விரலால் தடவி மெல்லப் படிக்கலாம். அம்முறையில் தாமே எழுதுதல் அரிது. சார்லசு பார்பியே என்பவர் 12 புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றை அப்பள்ளிக்குக் கொணர்ந்தார். அப்புள்ளிகள் விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அவற்றை ஆறாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைக்க, 63 குறிகள் கிடைத்தன. 1824-இல் இம்முறை உருவானபோது அவருக்கு வயது 15. தாளில் அப்புள்ளிகளைக் குத்தும் கருவியும் ஊசி போன்றதே.

எனினும் ஏற்பு எளிதில் வரவில்லை. 1840-களில் அப்பள்ளியின் தலைமையே இவ்வெழுத்தை விலக்கியது; மாணவர்கள் மறைவில் பயின்று அதனைக் காத்தனர். 1852-இல் எலும்புருக்கி நோயால் பிரெயில் மறைந்தார். 1854-இல்தான் அப்பள்ளி அவர் முறையை முறைப்படி ஏற்றது. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் அமைந்தது. நம் தமிழெழுத்துகளும் அவ்வாறு புள்ளிகளுக்குள் இடம்பெற்றன.

பிறர் தம் கண்ணுக்கேற்ப அமைத்துக் கொடுத்த எழுத்து அவ்விளைஞருக்கு உதவவில்லை. தம் விரலுக்கேற்ற எழுத்தைத் தாமே ஆக்கினார். கல்வியைக் கேட்டுப் பெறுவதோடு நில்லாமல், அதனை நமக்கேற்ப ஆக்கிக்கொள்ளவும் வேண்டும் என்பதே நாம் இதிற் கற்கும் பாடம்.

அடிபட்டு ஊனமுற்ற பிள்ளையை, ‘இனி இவனுக்குப் படிப்பு எதற்கு’ என்று திண்ணையில் இருத்திவிடும் வீடுகள் இன்றும் உள்ளன. அவ்வீடுகளின் கதவை முதலில் தட்டுவதே, 25 ஆண்டு கண்ட நம் சங்கத்தின் அடுத்த கடமையாகும்.