மலைக்குப் பிறந்த மாதிரி

1980-களில் உலகக் காலநிலையைக் கணக்கிட்ட கணினி மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 500 கி.மீ. அதன் ஒரு முனையைப் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் வைத்தால் மறுமுனை கோழிக்கோட்டையும் தாண்டிக் கடலில் விழும். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை என்று ஒன்று நிற்பதே அதற்குத் தெரியாது.

அமெரிக்காவுக்கும் இதே தலைவலி. நெவாடா பாலைவனத்தின் யக்கா மலைக்குள் அணுக்கழிவைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் புதைத்துவைக்க நினைத்தார்கள். மழை கூடினால் நீர் உள்ளே கசியுமே! அதைக் கணிக்கத்தான் போல்டர் நகரின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் ராபர்ட் டிக்கின்சன், பிலிப்போ ஜியார்ஜி முதலானோர் ஓர் ஒட்டுவேலை பார்த்தார்கள். சில நாள் வானிலைக்கென்று இருந்த மாதிரியை மேற்கு அமெரிக்காவின் மேல் மட்டும் 60 கி.மீ. கட்டங்களாக விரித்து, அதன் ஓரங்களில் உலக மாதிரி சொல்லும் காற்றையும் ஈரத்தையும் ஊட்டினார்கள். 1989-ல் முதல் கட்டுரை வந்தது. நாளாக நாளாகப் பிழை பெருகிக் கெட்டுவிடும் என்ற சந்தேகம் இருந்தது. மறு ஆண்டே ஜியார்ஜி ஒரு மாதம் ஓட்டிக் காட்டினார். வட்டாரக் காலநிலை மாதிரி பிறந்தது இப்படித்தான்.

1996-ல் பிரிட்டனின் ஹாட்லி மையம் நம் தென்மேற்குப் பருவமழையை இம்முறையில் ஓட்டிப் பார்த்தது. பிறகு அம்மையத்தின் 'பிரெசிஸ்' மாதிரி புனே வெப்பமண்டல வானிலை நிலையத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கேரளச் சரிவில் கொட்டுவதும் கிழக்குப் பக்கம் மழை மறைவாகிக் காய்வதும் படத்தில் தெரிய ஆரம்பித்தன. மலை இருக்கும் இடத்தில் பிள்ளை கெட்டிக்காரன்.

பாரதியின் குயில் தோப்பு இருந்த கருவடிக்குப்பத்தில் ஏது மலை? ஆடி ஆவணியில் இங்கே பெய்வது பெரும்பாலும் வெப்பச் சலன மழை. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் மேற்கே செஞ்சிப் பக்கம் கருத்து, இருட்டிய பிறகு இடியோடு கரைக்கு வரும். இங்கே தெருவில் வெள்ளம் ஓடும்போது அருகிலுள்ள அரியாங்குப்பத்தில் தூறல்கூட இல்லாத நாளும் உண்டு. இத்தகைய மாதிரியின் 50 கி.மீ. கட்டம் ஒன்றின் பரப்பு 2,500 சதுர கி.மீ.; புதுச்சேரி மாவட்டமே 300-க்குள்தான். மேகம் கட்டத்தைவிடச் சிறியதாகையால் மாதிரி அதை நேராகக் கணக்கிடாமல் ஒரு சூத்திரத்தை வைத்து ஊகிக்கிறது. அந்தச் சூத்திரத்துக்குப் பொறுமை கிடையாது. உச்சிவெயிலிலேயே மழையைத் தொடங்கிவிடும், கொட்ட வேண்டியதைத் தூறலாகப் பரப்பியும் விடும். பருவமழையில் இந்த மாதிரிகள் உலக மாதிரிகளைவிட மேலா என்று மும்பை ஐஐடியின் சுபிமல் கோஷ் குழு 2017-ல் ஆராய்ந்து, பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது என்றது.

கட்டத்தை 3 கி.மீ.க்குக் குறுக்கினால் சூத்திரமில்லாமலே இடிமேகம் உருவாகும். ஆனால் கட்டத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கு எட்டு மடங்கு ஏறும். 50-லிருந்து 3-க்கு வர நாலாயிரம் மடங்குக்கு மேல் கணினி நேரம் வேண்டும்.