ஆள் அளவுக்கு ஒரு துடுப்பு

களுகங்கைக்குக் கிட்ட, இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில், லயன் அறையின் கூரைக்கடியில் அந்தத் துடுப்பு செருகிக் கிடந்தது. இரண்டு முனையிலும் அலகு, ஒல்லியான உடம்பு. நம் வள்ளங்களில் காணும் துடுப்பு அல்ல அது.

செய்தவர் எழுபதைத் தாண்டிய தச்சர். 1981 ஓகஸ்ட் வன்முறையில் தோட்டத்தை விட்டு ஓடிக் கிளிநொச்சியில் குடியேறியவர். வன்னியில் வள்ளங்களுக்குத் துடுப்பு செதுக்கினார். அங்கே செய்தவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. போர் முடிந்தபின் மகளோடு திரும்பி வந்தார்.

2017 மே வெள்ளத்தில் லயத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. மாணிக்கக் குழிக்காரர் ஒருவரின் பழைய தோணி கிடைத்தது. "தோணி இருந்துச்சு, தள்ள ஒன்னும் இல்ல தம்பி. கதவுப் பலகையால தள்ளினோம்" என்கிறார். அதன்பிறகுதான் இந்த யோசனை. கித்துல்கலையில் சுற்றுலாப் படகுகளில் வேலை செய்யும் பேரன், கிரீன்லாந்தின் இனுவிட் மக்கள் கயாக்கில் பிடிக்கும் துடுப்பைக் கைபேசியில் காட்டியிருக்கிறான். கித்துல்கலையில் கையாள்வது பிளாஸ்டிக் அலகும் அலுமினியத் தண்டும். அதைத் தச்சரால் செய்ய முடியாது, மரத்தில் முடியும்.

இனுவிட் முறையில் அளவுகோல் உடம்புதான். கைகளை விரித்த நீளத்தோடு ஒரு முழம் சேர்த்தால் துடுப்பின் நீளம். நடுத்தர உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 7 அடி. அலகின் அகலம் கைக்குள் பிடிபட வேண்டும். 3½ அங்குலம் போதும். நடுப்பிடி தோளகலம், முட்டை வடிவம். அப்போதுதான் பார்க்காமலே அலகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கை சொல்லும்.

மரம்தான் தலைவலி. மரங்கள் அற்ற வடதுருவத்தில் அவர்கள் கரையொதுங்கிய கட்டையில் செதுக்கினார்கள். இங்கே சுற்றிலும் மரம், ஆனால் தோட்டத்து மரத்தில் கைவைக்க முடியாது. இறப்பர் பலகை மலிவு. பதப்படுத்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் விடாது. அல்பீசியா லேசு, முறியும். மரக்காலையில் காசு கொடுத்து மலைவேம்பு வாங்கினார். சிங்களத்தில் லுணுமிதெல்ல, தோணிகளின் பக்கக் கட்டைக்குப் பழகிய மரம். கணு இருக்கக் கூடாது, ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும்.

நடுக்கோடு இழுத்து, முதலில் வெளிவடிவத்தை வெட்டி, பிறகு அலகை முனைநோக்கி மெலியச் சீவ வேண்டும். மத்தியில் ஒரு விரலில் நிறுத்தினால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் சீவுகிறார். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் காயாது, பிடி வழுக்கும்.

வலிக்கும்போது கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் சோர்வு வரும். இடுப்பு திரும்ப வேண்டும். மேற்கை தள்ள வேண்டும். அலகின் மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் துடுப்பு படபடக்காது. ஓடும் நீரை நேரே குறுக்கே வெட்டக் கூடாது. மூக்கை நீர் வரும் திசைக்குச் சற்றுத் திருப்பி, சரிந்து கடக்க வேண்டும். வெள்ளத்துக்குள் முட்கம்பியும் மின்கம்பியும் கிடக்கும் என்பதால் மிதவை அங்கி இல்லாமல் இறங்கவே கூடாது.

1912இல் ரயில் இரத்தினபுரியை எட்டுவதற்கு முன், தோட்டங்களின் சரக்கு இந்த ஆற்றில்தான் களுத்துறைக்குப் போனது. இன்று லயத்தில் துடுப்பு இருக்கிறது, சொந்தத் தோணி இல்லை.

இரண்டாவது துடுப்புக்கும் பலகை வாங்கிவிட்டார், பேத்தியின் கைவிரிப்புக்கு. அவளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. முதலில் அதைப் பழக்க வேண்டும் என்கிறார்.