அம்ப்குவா நதியும் தூண்டில்காரர்களும்

ஸ்டீல்ஹெட் என்னும் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதல் குழப்பம் பெயரில்தான் வரும். ரெயின்போ ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு. நீலகிரிக்குப் போனவர்கள் அவலாஞ்சியில் ட்ரௌட் பண்ணையைப் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் ஆசைக்காகக் கொண்டுவந்து அந்த மலை ஓடைகளில் விட்ட மீன் அது. ஸ்டீல்ஹெட்டும் அதே இனம்தான். ஒரே ஓடையில், ஒரே தாய் இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுகளில் சில உள்ளூரிலேயே தங்கிவிடும், சில கடலுக்குப் போய்விடும். தங்கியது ட்ரௌட். பசிபிக் பெருங்கடலில் இரண்டு மூன்று வருஷம் மேய்ந்து, விரல் நீளத்தில் போனது கை நீளத்துக்கு வளர்ந்து, வெள்ளியாக மினுங்கித் திரும்பி வருகிறதே, அது ஸ்டீல்ஹெட். ஊரோடு இருந்துவிட்ட தம்பியும் சிங்கப்பூர் போய்வந்த அண்ணனும் மாதிரி. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் அப்படியில்லை. பிழைத்துக் கிடந்தால் மறுபடி கடலுக்குப் போகும், மறுபடி வரும்.

விஞ்ஞானிகளுக்கே இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. 1792இல் ரஷ்யாவின் கம்சாட்கா மீனுக்கு வால்பாம் ஒரு பெயர் வைத்தார். 1836இல் கொலம்பியா ஆற்று மீனுக்கு ரிச்சர்ட்சன் வேறு பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவாகி, அட்லாண்டிக் சால்மனின் பேரினத்திலிருந்து பசிபிக் சால்மனின் பேரினத்துக்கு இந்த மீன் அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டது 1989இல். இரண்டு நூற்றாண்டாகத் தவறான குடும்பத்தில் பெண் கொடுத்து வைத்திருந்தது போல!

நான் ஓரிகன் மாநிலத்துக்கு வேலைக்கு வந்தபிறகுதான் இந்த மீனைக் கேள்விப்பட்டேன். பிறந்தது தாமிரபரணிக் கரையில். எங்கள் ஊரில் தூண்டில் என்றால் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள்ளில் மண்புழு. அவ்வளவுதான். இங்கே ஃப்ளை ஃபிஷிங் என்ற பெயரில் நடப்பது வேறு காரியம். சாதாரணத் தூண்டிலில் இரையும் ஈயக்குண்டும் கனம். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். இதில் எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி, எடையே கிடையாது. கனம் முழுக்கக் கயிற்றில். சாட்டை சுழற்றுவதுபோல் சுழற்றிவிட்டால் கயிறு காற்றில் பிரிந்து போய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் வைத்துவிட்டு வரும். அதிலும் கோடையில் ஆறு ஏறிய ஸ்டீல்ஹெட் அநேகமாகச் சாப்பிடுவதே இல்லை. பசியில்லாத மீன் எதற்குப் பொய்ப்பூச்சியைக் கவ்வுகிறது என்பதற்குக் கோபம், பழக்கம், குறுகுறுப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

கவ்விய மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது இன்னொன்று. இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வட அம்ப்குவா ஆற்றிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. இதை அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது, “பிடிச்ச மீன திருப்பி ஆத்துலயே விடுறதுக்கு எதுக்குலே அவ்வளவு தூரம் காரு ஓட்டிட்டுப் போற? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்த ஆற்றின் நூறு வருஷக் கதையில் இருக்கிறது.

வட அம்ப்குவா 106 மைல் நீளம். காஸ்கேட் மலைத்தொடரின் உச்சியில் மைடு ஏரியில் தொடங்கி மேற்கே இறங்குகிறது. அதன் தலைப்பகுதி இளைய எரிமலைப் பாறை. சுமார் 7,700 வருஷங்களுக்கு முன் மஸாமா மலை வெடித்துக் கொட்டிய நுரைக்கல் அங்கே கனமாகப் படிந்திருக்கிறது. குளிர்காலப் பனி உருகி அந்த நுரைக்கல்லுக்குள் இறங்கி, மெதுவாக ஊற்றுகளாக வெளியே வரும். ஆகவே ஆகஸ்டிலும் ஆறு வற்றாது, தண்ணீர் சில்லென்று இருக்கும். ஆனால் ஸ்டீம்போட் ஓடை போன்ற துணையாறுகள் பழைய, இறுகிப்போன பாறையில் ஓடுபவை. பெய்த மழை அப்படியே வழிந்து போய்விடும். குளிர்காலத்தில் மரங்களை அடித்துக்கொண்டு வரும் வெள்ளம், கோடையில் கணுக்காலளவு வெதுவெதுப்பு. நமக்கு ஆற்றின் நாள்காட்டி என்றால் தென்மேற்கும் வடகிழக்கும். இங்கே மழையும் பனியும் சேர்ந்து நாள்காட்டி போடுகின்றன. நவம்பர் முதல் மழைவெள்ளம், வசந்தத்தில் பனி உருகல், ஆகஸ்ட் செப்டம்பரில் அடிமட்டம்.

மீனும் இந்த நாள்காட்டியைப் பார்த்துத்தான் வருகிறது. குளிர்கால ஸ்டீல்ஹெட் டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை வரும், சீக்கிரம் முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடை ஸ்டீல்ஹெட் மே மாதத்திலிருந்தே ஆற்றுக்குள் நுழைந்துவிடும். முட்டையிடுவது அடுத்த குளிர்காலத்தில். இடைப்பட்ட அத்தனை மாதங்களும் சாப்பாடில்லாமல், குளிர்ந்த மடுக்களில் அசையாமல் கிடக்க வேண்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்கு மூச்சுத் திணறும். அதனால்தான் இங்கே விவரமான தூண்டில்காரன் சட்டைப்பையில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறான். தண்ணீர் சூடாக இருந்தால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

இந்த மீனை முதலில் அறிந்தவர்கள் அம்ப்குவா பழங்குடிகள். ஆறு ஒடுங்கும் பாறை இடுக்குகளில் அவர்களுடைய மீன்பிடி இடங்கள் இருந்தன. தெற்கே கௌ க்ரீக் அம்ப்குவா மக்கள் 1853இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்துக்கு அரசு கொடுத்த விலை ஏக்கருக்கு 2.3 சென்ட். அதே நிலத்தைக் குடியேறிகளுக்கு ஏக்கர் 1.25 டாலருக்கு விற்றது. 1954இல் அந்தப் பழங்குடிக்கான அங்கீகாரத்தையே அமெரிக்க அரசு ரத்து செய்தது. 1982இல்தான் திரும்பக் கிடைத்தது. தூண்டில் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்து, ஏதோ 1930இல்தான் ஆறு ஓடத் தொடங்கியது போல எழுதுவார்கள்.

அவர்கள் தொடங்கும் இடத்தில் நிற்பவர் ஸேன் க்ரே. கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் கதைகளின் பெரிய தாத்தா அவர். பல் மருத்துவராகப் படித்து, நாவல் எழுதிப் பணம் குவித்து, அந்தப் பணத்தை உலகம் பூராவும் மீன் பிடித்தே செலவழித்தவர். தெற்கே ரோக் ஆற்றில்தான் அவர் முதலில் கூடாரம் போட்டது. அங்கே பிடித்த மீன்களைப் பற்றிப் பத்திரிகைகளில் விரிவாக எழுதினார். படித்தவர்களெல்லாம் ரோக் ஆற்றுக்கு வந்து குவிந்தார்கள். எழுத்தாளனின் புகழ் ஓர் ஆற்றை என்ன செய்யும் என்று நேரில் பார்த்துவிட்டு, கோடையில் கூடாரத்தை வட அம்ப்குவாவுக்கு மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி அதிகம் எழுதாமல் பார்த்துக்கொண்டார். 1937 கோடையில் அங்கேதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது, 1939இல் இறந்தார். பிடித்த மீனைத் திருப்பி விடுவது அந்தக் காலத்தில் பொதுவான வழக்கமில்லை.

அதே 1932இல் ஒரு காரியம் நடந்தது. ஸ்டீம்போட் ஓடை முழுக்கத் தூண்டில் போடத் தடை வந்தது. மீன்கள் முட்டையிடும் அறை அது. அங்கே கை வைத்தால் ஆறே காலி என்று கண்டுகொண்டார்கள். தங்கம் தேடி வந்து ஏமாந்தவர்கள் அந்த ஓடைக்கு வைத்த பெயர் அது என்பார்கள். ஏமாந்துபோவதற்குச் சுரங்கத்துக்காரர்களின் கொச்சையில் அப்படியொரு வார்த்தை இருந்ததாம். 1952இல் இன்னொரு விதி: ஏறத்தாழ 31 மைல் நீளத்துக்குப் பொய்ப்பூச்சி மட்டும்தான், இரை கிடையாது. இதில் கொஞ்சம் மேட்டுக்குடித்தனம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வயிற்றுக்காகப் புழு கோத்துப் பிடிக்கும் மரவெட்டித் தொழிலாளியை ஆற்றிலிருந்து விலக்கிய விதியும் இதுதான். ஆனால் இதே விதி இல்லையென்றால் மீன் இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

விதி போட்ட அதே வருஷங்களில் மேலே அணைகள் எழுந்துகொண்டிருந்தன. 1947க்கும் 1956க்கும் இடையில் மின்சாரத்துக்காக எட்டு அணைகள். கட்டுமானச் சேற்றில் ஆறு கலங்கி, கரையில் விடுதி நடத்திய க்ளாரன்ஸ் கார்டனின் தொழில் படுத்துவிட்டது. எதிர்க்கரையில் இருந்த அவருடைய கடையை 1957இல் வாங்கி ஸ்டீம்போட் இன் விடுதியைத் தொடங்கியவர்கள் ஃப்ராங்க் மூரும் அவர் மனைவி ஜீனும்.

மூர் 1923இல் பிறந்தவர். நார்மண்டிப் படையெடுப்பில் யூட்டா கடற்கரையில் இறங்கிச் சண்டை போட்டவர். திரும்பி வந்து வாழ்நாள் முழுதும் இந்த ஆற்றோடு கிடந்தார். அறுபதுகளில் மரக் கம்பெனிகள் துணையோடைகளின் கரைவரை மொட்டையாக வெட்டின. வெட்டிய மரத்தை ஓடைப் படுகையிலேயே ட்ராக்டர் வைத்து இழுத்தன. நிழல் போயிற்று, தண்ணீர் சூடாயிற்று, முட்டையிடும் கூழாங்கல்லில் சேறு அப்பிக்கொண்டது. கூப்பாடு போட்டுப் பார்த்தார், யாரும் காது கொடுக்கவில்லை. விடுதிக்கு மீன் பிடிக்க வந்த விளம்பரத் துறையினர் ஹால் ரைனி, டிக் ஸ்னைடர் இருவரையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். 1968இல் ‘பாஸ் க்ரீக்’ என்ற சிறு படம் வந்தது. மூர் அதைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார். 1971இல் ஓரிகன் கொண்டுவந்த காட்டுத் தொழில் சட்டம் அமெரிக்காவிலேயே அந்த வகையில் முதலாவது. ஒரு படத்தால் மட்டும் சட்டம் வந்துவிடாதுதான். ஆனால் ஓடைக்கரையில் நிழல் மரம் விடுவது என்பது அரசாங்கம் பேசும் விஷயமானதில் அவருக்குப் பங்கு உண்டு.

எனக்கு மூரைவிட நெருக்கமாகத் தோன்றுபவர் லீ ஸ்பென்சர். ஸ்டீம்போட் ஓடையில் பிக் பெண்ட் என்று ஒரு மடு இருக்கிறது. குளிர்ந்த கிளையோடை வந்து சேரும் இடம். ஓடை முழுதும் காய்ந்து சூடாகும் கோடையில் நூற்றுக்கணக்கான ஸ்டீல்ஹெட் அந்த ஒரே மடுவில் வந்து அடைந்துகொள்ளும். உள்ளூரில் அதற்கு இன்னொரு பெயர், டைனமைட் மடு. ஆமாம், தோட்டாதான். திரியைக் கொளுத்திப் போட்டால் மீனெல்லாம் வயிறு மேலாக மிதக்கும். எங்கள் பக்கம் ஆற்றில் தோட்டா போடுவதைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஸ்பென்சர் தொல்லியல் படித்தவர். 1999இல் அந்த மடுவின் கரையில் ஒரு ட்ரெய்லர் வண்டியில் குடியேறினார், கூட ஸிஸ் என்ற நாய். வசந்தத்தின் கடைசியிலிருந்து குளிர்கால மழை வந்து ஆறு நிரம்பும்வரை தினமும் அங்கே உட்கார்ந்திருப்பது வேலை. ஆள் இருந்தால் தோட்டா போட வருகிறவன் வரமாட்டான், அவ்வளவுதான் திட்டம். சும்மா உட்காரவில்லை. தொல்லியல்காரர் அல்லவா, பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். மீன் எப்போது மேலே வருகிறது, மிதக்கும் இலையை எப்படி வாயில் வாங்கித் துப்புகிறது, நீர்நாய் வந்தால் என்ன செய்கிறது, மழை வாசம் வந்ததும் எப்படி அமைதி இழக்கிறது. பதினான்கு பருவங்களின் குறிப்புகள் 2017இல் புத்தகமாக வந்தன. அவரும் தூண்டில் போடுகிறவர்தான். ஆனால் கொக்கியின் முனையை ஒடித்துவிட்டுத்தான் பூச்சியை வீசுவார். மீன் மேலே வந்து கவ்வினால் போதும், குத்தி இழுக்க வேண்டியதில்லை.

ஒரு செப்டம்பரில் அந்த மடுவுக்குப் போயிருந்தேன். மேலிருந்து பார்க்கும்போது முதலில் ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீர், அடியில் சாம்பல் பாறை. கண் பழகப் பழகப் பாறை என்று நினைத்ததில் பாதி மீன் என்று தெரிந்தது. வால் மட்டும் லேசாக அசைய, எல்லாம் ஒரே திசை பார்த்து, வரிசை வரிசையாக. அரை மணி நேரம் நின்றும் எதுவும் நடக்கவில்லை. கிளம்ப மனசும் வரவில்லை.

2020 செப்டம்பரில் ஆர்ச்சி க்ரீக் காட்டுத்தீ 1,30,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. மூர் தம்பதி தங்கள் கையால் கட்டிய வீடும் போயிற்று, கீழே ராக் க்ரீக் மீன்பண்ணையும் போயிற்று. முந்தைய வருஷம்தான் ஸ்டீம்போட் வட்டாரத்தின் சுமார் 1,00,000 ஏக்கரை அவர்கள் இருவர் பெயரால் ஸ்டீல்ஹெட் பாதுகாப்புப் பகுதியாக நாடாளுமன்றம் அறிவித்திருந்தது. 2021 கோடையில் வின்செஸ்டர் அணையில் ஏறிய கோடை ஸ்டீல்ஹெட் படுமோசமாகக் குறைந்தது. அங்கே 1946 முதல் மீன் எண்ணுகிறார்கள். ஆகஸ்டில் ஆற்றையே தூண்டிலுக்கு மூடினார்கள். 2022 ஜனவரியில் மூர் இறந்தார், வயது 98.

அதே வருஷம் ஏப்ரலில் மாநில ஆணையம் இந்த ஆற்றில் பண்ணையில் வளர்த்த கோடை ஸ்டீல்ஹெட் குஞ்சுகளை விடுவதை நிறுத்த வாக்களித்தது. பண்ணை மீன் இயற்கை மீனோடு கலந்து அதன் வாரிசைப் பலவீனப்படுத்துகிறது என்பது ஒரு கட்சி. பண்ணை மீனையும் நிறுத்திவிட்டால் சாமானியன் வீட்டுக்கு ஒரு மீன்கூடக் கொண்டுபோக முடியாது என்பது எதிர்க்கட்சி. வழக்கு நீதிமன்றம் ஏறியது. இரண்டாம் தரப்பின் கோபம் எனக்குப் புரிகிறது. 1952இல் புழுத் தூண்டிலை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் இருப்பார்கள். இருந்தாலும் என் ஓட்டு முதல் தரப்புக்குத்தான். காரணம், 2017இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மரபணு ஆய்வு. ஸ்டீல்ஹெட் கோடையில் ஆறு ஏறுவதா குளிர்காலத்தில் ஏறுவதா என்பது மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு சின்ன இடத்தோடு கட்டுண்டிருக்கிறது என்று அது காட்டியது. ஆறு ஆறாகத் தனித்தனியே உண்டான பழக்கமல்ல, பழங்காலத்தில் ஒருமுறை தோன்றிப் பரவியது. எல்லா ஸ்டீல்ஹெட்டும் ஒன்றுதானே, கோடை மீன் போனால் குளிர்கால மீனிலிருந்து திரும்ப முளைத்துவிடும் என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. ஓர் ஆற்றில் அந்தச் சின்ன இடம் அழிந்துபோனால், மனிதக் கணக்கில் நினைக்கக்கூடிய காலத்துக்குள் அது தானாகத் திரும்பி வராது என்கிறார்கள்.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த முள்ள ஒடிச்சவன் இப்ப என்ன செய்றான்?” என்று மட்டும் கேட்டான்.